‘பிஞ்சுகளை’ப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்

கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ குறுநாவலைப் படித்தவர்கள் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால், சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவார்கள். அந்தக் காலத்துக் கிராமம், மண்வாசனை, திரும்பி வராத பிள்ளைப் பருவம், இன்றைய பிள்ளைகளுக்கு வாய்க்காத பாக்கியம். எல்லாம் பாராட்டுத்தான், மனதார வரும் பாராட்டுத்தான். ஆனால் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு நூலை இந்தப் பாராட்டே சிறுவர்கள் கையிலிருந்து வாங்கி, ஐம்பதைத் தாண்டியவர்களின் அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டது. பெரியவர்கள் பெருமூச்சு விட்டுப் புரட்டும் நினைவு மலராகவே அந்த நூல் இன்று நிற்கிறது. இந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஏற்ற இடம் சென்னையோ மதுரையோ இல்லை. மாநிலக் கோட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் சித்தூரும் கொழிஞ்சாம்பாறையும் தேவிகுளமும் வட்டவடையும்தான். தமிழ்வழியில் படிக்கும், அல்லது வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் வேறு மொழியில் படிக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிள்ளைகளுக்கு இந்த நூல் செய்யக்கூடியது அதிகம்.

முதலில் நாவலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெங்கடேசு என்ற சிறுவன் கரிசல் காட்டில் அலைகிறான். பறவைகளைக் கவனிக்கிறான், கூடுகளைத் தேடுகிறான், முட்டைகளைச் சேகரிக்கிறான். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடத்தைத் திருவேதி நாயக்கர் என்ற பெரியவரிடமிருந்து பேச்சுவாக்கில் கற்றுக்கொள்கிறான். கடைசியில் படிப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்புகிறான். பெரிய திருப்பமோ வில்லனோ கிடையாது. கதையே இல்லையே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அந்த நூலின் கதையே கற்றல்தான் என்பது அவர்களுக்குப் படவில்லை. ஒரு பையன் பார்க்கப் பழகுகிறான், கேட்கப் பழகுகிறான், பார்த்ததையும் கேட்டதையும் அடுத்தவனுக்குச் சொல்லப் பழகுகிறான். இதில் ஏக்கம் எங்கிருந்து வந்தது? படிக்கிறவரின் வயதிலிருந்து வந்தது. பத்து வயதில் இதைப் படிக்கும் பிள்ளைக்கு இழந்தது என்று எதுவும் இல்லை. அவனுக்கு வெங்கடேசு சமவயதுத் தோழன், கொஞ்சம் பொறாமைப்படத் தக்க தோழன், அவ்வளவே.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. கனடா எழுத்தாளர் எல்.எம். மாண்ட்கோமெரி 1911இல் வெளியிட்ட ‘த ஸ்டோரி கேர்ள்’ நாவலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பிரின்ஸ் எட்வர்ட் தீவின் பண்ணைக் கிராமத்தில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் ஒன்றுகூடுகிறார்கள். அவர்களில் ஒரு பெண், கேட்பவர்கள் கட்டுண்டு போகும்படி கதை சொல்வாள். வளர்ந்துவிட்ட ஒருவர் பழையதை நினைத்துச் சொல்வதுபோல நாவல் எழுதப்பட்டிருப்பதால், வாசகர்களும் அந்த நினைவுகூரலிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 1913இல் வந்த அதன் தொடர்ச்சியில் அந்தப் பிள்ளைகள் தாங்களே ஒரு பத்திரிகை நடத்தத் தொடங்குகிறார்கள். கதை கேட்பவர்கள் கதை எழுதுபவர்களாக மாறுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் நல்ல நாவல் எதுவும் வாசகனை இங்கேதான் கொண்டுவந்து விடும். படித்து முடித்த பிள்ளை “எங்கள் ஊரிலும் இப்படி உண்டு” என்று வாய் திறந்தால் நூல் தன் வேலையைச் செய்துவிட்டது. “அந்தக் காலம் போல வருமா” என்று பெரியவர் ஒருவர் கண் கலங்குவதை வைத்து அதை எடை போடக் கூடாது.

எல்லைப் பகுதிக்கும் இந்த நூலுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. மூணாறின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தது பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளோடு 70 பேர் மண்ணில் புதைந்தபோது, இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு என்பதை நாடே அறிந்தது. கி.ரா. பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் இருக்கும் ஊர். அதாவது, மூணாறு லயங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்குப் ‘பிஞ்சுகள்’ யாருடைய கிராமத்தையோ பற்றிய கதை ஆகாது. அவர்களுடைய பூட்டனும் பூட்டியும் விட்டுவந்த காடு அது. பாட்டி வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பேச்சு அச்சில் வந்திருக்கிறது என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாகக் காண இதைவிடப் பொருத்தமான நூல் எது? பாடப்புத்தகத் தமிழில் தன் வீட்டுப் பேச்சைப் பிழை என்று திருத்திக்கொண்டே வளரும் பிள்ளைக்கு, அதே பேச்சுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் ஒருவர் 1982இல் தனியாகச் சொல்லகராதியே போட்டிருக்கிறார் என்று தெரிவதும் ஒரு கல்விதான்.

இன்னொரு செய்தியும் எல்லைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது. கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு. வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக மொழிகளோடு வளர்ந்த ஒருவர்தான் தமிழின் மிகச் சிறந்த கதைசொல்லிகளில் ஒருவரானார். தமிழ், மலையாளம் இரண்டும் கலந்து பேசுவதால் இரண்டிலும் அரைகுறை என்று ஏளனம் கேட்கும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கும் மறையூர்ப் பிள்ளைக்கும் இது வெறும் தகவல் இல்லை. இரு மொழிக்கு நடுவில் நிற்பதைக் குறையாகப் பார்க்காமல் முதலாகப் பார்க்கலாம் என்பதற்கு ஆதாரம்.

கதை சொல்லுவதில் இந்த எல்லை ஒருநாளும் வறுமைப்பட்டதில்லை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக் கூத்து நடத்தும் புலவர்கள் இன்றும் கம்பராமாயணத்தைத்தான் ஆதாரமாகக் கொள்கிறார்கள். தமிழ்ப் பாட்டு, மலையாளம் கலந்த விளக்கம், விளக்கொளியில் பாவை நிழல். அந்தக் கலையைச் சேர்ந்த கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன், கிளி கதை சொல்வதாக இராமாயணம் பாடியவர். அவருடைய கடைசிக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் குருமடம், தமிழர் திரளாக வாழும் அதே சித்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது. கொங்குப் படையைத் தோற்கடித்த பழங்கதையைச் சித்தூர்ப் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் ‘கொங்கன் படை’ என்று விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அதே கதையைக் கொங்கிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவோரத்தில் நின்று பார்க்கிறார்கள். இடுக்கி மலைக்காட்டில் இடமலைக்குடியில் வாழும் முதுவான் பழங்குடியினர், மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறிய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பழையதுதான் கதை என்றும் எண்ண வேண்டாம். மூணாறுத் தோட்டங்களில் சுற்றும் ஆண் யானைக்கு ரஜினி படத்தின் பெயரை வைத்துப் ‘படையப்பா’ என்று கூப்பிடுகிறார்கள். சின்னக்கானலில் அரிசிக்காக வீடுகளை இடித்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டதும், அது கம்பத்துக்குள் இறங்கி வந்ததும், ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை அதைக் களக்காடு முண்டந்துறைக்கு மாற்றியதும் இரண்டு மாநிலப் பிள்ளைகளும் வாய் ஓயாமல் பேசிய கதை. சொல்வதற்கு ஆளும் உண்டு, கேட்பதற்குக் காதும் உண்டு. அவையெல்லாம் ஒரு தமிழ்ப் பிள்ளை கையில் எடுத்துப் படிக்கும் புத்தகமாக ஆகவில்லை என்பதுதான் குறை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது மொழி பற்றியது. வட்டார வழக்கு பெரியவர்களுக்கே திணறல், பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும் என்பார்கள். தேவிகுளத்துக்கு இந்த மறுப்பு அவ்வளவாகப் பொருந்தாது என்பதை மேலே சொன்னதே காட்டும். சித்தூர் வட்டத்துக்கு ஓரளவு பொருந்தும். அங்கே பேசப்படுவது கொங்குத் தமிழ். கரிசல் சொற்கள் பல அங்கும் புதியவை. ஆனால் பிள்ளைகள் எல்லாச் சொல்லும் புரிந்துகொண்டா படிக்கிறார்கள்? தெரியாத சொல்லைச் சூழலை வைத்து ஊகிப்பதும், ஊகம் தவறினால் ஆசிரியரையோ பாட்டியையோ கேட்பதும் வாசிப்பில் பாதி இன்பம். ஒரு வகுப்பில் ஆசிரியர் “இதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டால் போதும், கரிசல் சொல்லுக்குப் பக்கத்தில் கொங்குச் சொல்லும் மலையாளச் சொல்லும் வரிசைகட்டி வந்து நிற்கும். நாவல் புரியவில்லை என்ற குறையே அந்த வகுப்பின் சொல்லகராதியாக மாறும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. முட்டை எடுப்பதும் பறவை பிடிப்பதும் இன்று தவறு, சட்டப்படியும் தவறு. இதைப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாமா? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவை முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் வேட்டை என்றே கணக்கில் கொள்கிறது. எரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளும், பரம்பிக்குளத்தில் புலிகளும் காக்கப்படும் பகுதியில் இந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். ஆனால் மறைத்து வைப்பதால் இந்தக் கேள்விக்கு விடை வராது. இந்தியப் பறவையியலின் பெருமகனார் சாலிம் அலி, சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தி, அது என்ன இனம் என்று தெரிந்துகொள்ள மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர். அங்கே தொடங்கியதுதான் 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க அவரைக் கொண்டுவந்து சேர்த்த பயணம். கையில் எடுத்துப் பார்க்கும் ஆவல் ஒரு கட்டத்தில் தொடாமல் காக்கும் அக்கறையாகக் கனிகிறது. அந்தக் கனிவை வகுப்பில் பேசித்தான் வரவழைக்க முடியும். வெங்கடேசு செய்தது சரியா என்று பத்துப் பிள்ளைகள் வாதிடும் ஒரு மணி நேரம், சுற்றுச்சூழல் பாடத்தின் பத்துப் பக்கத்தைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மூன்றாவது மறுப்பு நியாயமானது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. காடு சுற்றவும் கூடு தேடவும் நேரம் வாய்த்தது யாருக்கு? நிலமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு. மாடு மேய்த்த பிள்ளைக்கும் பண்ணை அடிமையாக விடப்பட்ட பிள்ளைக்கும் கிராமம் இனிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஓரறையும் ஒரு சமையல்கட்டுமாக வளர்ந்தவருக்குக் கிராமத்து நாவலின் திண்ணையும் தோட்டமும் அந்நியம். 2015இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு கூலிக்கும் போனஸுக்கும் சாலையில் உட்கார்ந்தபோது, அந்த வாழ்வின் நெருக்கடி எல்லோருக்கும் தெரியவந்தது. இதை ஒப்புக்கொண்ட பிறகும் ‘பிஞ்சுகளை’ விலக்குவது தீர்வாகாது. அதன் பக்கத்தில் வேறு நூல்களையும் வைப்பதே தீர்வு. கொங்கு நாட்டில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் தலித் சிறுவர்களின் உலகத்தைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் எழுதினார். சித்தூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதைபோலவே இருக்கும். இரண்டையும் படித்த பிள்ளை, ஒரே மாதிரியான வெயிலில் இரண்டு வகையான பிள்ளைப் பருவம் இருந்ததைத் தானே உணர்வான். ஏக்கத்தோடு படிக்கும் பெரியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை அவன் கேட்பான். நிலமுள்ள பிள்ளையின் கதை மட்டும் போதாது என்பவர்கள் உண்மையில் கோருவது இன்னும் பல கதைகளைத்தான், அதுவும் நம் கோரிக்கைதான்.

நான்காவது மறுப்பைப் பெற்றோர்தான் சொல்வார்கள், அதுவும் கவலையோடு சொல்வார்கள். பிள்ளை வேலைக்குப் போக வேண்டியது கேரளத்தில்; அதற்கு மலையாளம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும்; தமிழ்ச் சிறுவர் நாவல் படித்து என்ன ஆகப்போகிறது? 2017இல் கேரளம் இயற்றிய சட்டம் 10ஆம் வகுப்பு வரை மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பதில் யாருக்கும் நட்டமில்லை. எல்லைப் பிள்ளை அதை நன்றாகவே கற்க வேண்டும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, கல்வியியலும் சொல்லவில்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த அதே 1956இல்தான் அது சேர்க்கப்பட்டது. ஒரு மொழியில் ரசித்துப் படிக்கப் பழகிய பிள்ளை அடுத்த மொழியிலும் ரசித்துப் படிக்கும். எந்த மொழியிலும் ரசித்துப் படிக்காத பிள்ளைக்கு மூன்று மொழியும் தேர்வுத்தாளாகத்தான் தெரியும். மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும் பாதையும் திறந்தே இருக்கிறது. பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தின் ஓராசிரியர் பள்ளியைக் களமாகக் கொண்ட ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாச’த்தைத் தமிழாக்கிய யூமா வாசுகி, மலையாளச் சிறார் நூல்கள் பலவற்றையும் தமிழுக்குத் தந்திருக்கிறார்; 2024இல் தமது சிறார் நூலுக்காகச் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றார். எல்லைப் பள்ளி நூலகத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே இருந்தால் அதுவே ஒரு மொழிப் பாடம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. நூலகப் பண்பாட்டில் கேரளத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இடமலைக்குடியின் இருப்புக்கல்லுக்குடியில் ஒரு தேநீர்க்கடைக்குள் 160 புத்தகங்களோடு நடந்த நூலகத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதியபோது உலகமே வியந்தது. சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பைக்கூட அங்கே முதுவான்கள் இரவல் வாங்கிப் படித்தார்கள். தமிழ் பேசும் மலைக்கிராமமான வட்டவடையில், 2018இல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யு தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று கண்ட கனவை, நாடெங்கிலுமிருந்து வந்த புத்தகங்களைக் கொண்டு அவர் பெயரிலேயே 2019இல் நிறைவேற்றினார்கள். காட்டுக்குள்ளும் மலைமேலும் நூலகம் அமைக்கத் தெரிந்த சமூகம், அந்த அலமாரிகளில் ஒரு வரிசையைத் தமிழ்ச் சிறார் நூல்களுக்கு ஒதுக்குவது கடினமில்லை. 1981 முதல் இயங்கும் கேரள மாநிலச் சிறார் இலக்கிய நிறுவனம், தன் மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகளையும் தன் வாசகர்களாக எண்ணித் தமிழிலும் நூல் வெளியிட வேண்டும். தமிழ்நாட்டுப் பதிப்பகங்களுக்கும் நூலகத் துறைக்கும் இதில் பங்குண்டு. எல்லைச் சாவடிகளான வாளையாறுக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் வாசகர் இல்லை என்ற எண்ணம் போக வேண்டும்.

ஆனால் புத்தகம் வாங்கி அடுக்குவது பாதி வேலைதான். மறுபாதி வகுப்பறையில். ‘பிஞ்சுகளை’ப் படித்துவிட்டுக் கதைச்சுருக்கம் எழுது, ஆசிரியர் குறிப்பு வரைக என்று கேட்டால் நூல் அங்கேயே செத்துவிடும். உன் லயத்தில் படையப்பா வந்த இரவைச் சொல், 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேட்டு வா, பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு எதிராக மயிலம்மா போராட உட்கார்ந்த கதையை உன் அம்மாச்சியிடம் கேள் என்று சொல்ல வேண்டும். கேட்டு வந்ததை ஒரு கையெழுத்துப் பத்திரிகையாக்க வேண்டும். தமிழ்ப் பள்ளிகளுக்குக் கையெழுத்துப் பத்திரிகை புதிதும் அல்ல, செலவும் அல்ல. அடுத்த குறிஞ்சி 2030இல் பூக்கும். அதைப் பார்த்து எழுதும் ஒரு தேவிகுளத்துப் பிள்ளையின் கதை அப்போது அச்சாக வேண்டும் என்று இன்றே ஒரு பள்ளி இலக்கு வைத்துக்கொள்ளலாம்.

எழுபது ஆண்டுகளாக இந்த எல்லையைப் பற்றி நாம் பேசியதெல்லாம் எந்த வட்டம் எந்த மாநிலத்துக்கு, எந்த அணை யாருடையது என்பதுதான். அந்த வட்டங்களில் வளரும் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ‘பிஞ்சுகளை’ வாசித்து நெகிழ்ந்த பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் இருக்கும் பிரதியை எல்லையில் உள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கு அனுப்புங்கள். அது என்ன மாதிரியான நூல் என்ற தீர்ப்பை இனி அங்குள்ள பத்து வயதுப் பிள்ளைகள் சொல்லட்டும்.